மேகவியின் பன்னிரண்டு சதவீதம்

சிவப்ரியாவுக்கு முடக்குவாதம் வந்தபோது வயது நாற்பதுகூட ஆகவில்லை. முதலில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. அப்புறம் நாள் முழுவதுமே மடங்கவில்லை. நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் வலியில் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். ஜாக்கெட் ஊக்கைக்கூடக் கணவன் முருகானந்தம்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. அவன் மின்துறையில் லைன்மேன். முரட்டுக் கை. ஊக்கை மாட்டுவதற்குள் அவனுக்கும் வியர்த்துவிடும்.

தஞ்சாவூர் டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தொடையில் அவளே போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனி கண்டுபிடித்த மருந்து அது. அதே மருந்தை ஹைதராபாத்தில் மேகவி பயோ என்ற கம்பெனி மூன்றில் ஒரு பங்கு விலைக்குச் செய்தது. அப்படியும் ஒரு ஊசி ஒன்பதாயிரம்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பாதி கரைத்த பிறகுதான் கை வலிக்கவில்லை என்பதே உறைத்தது. அப்படியே புளித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அன்றிலிருந்து மேகவி என்ற பெயரை எங்கே பார்த்தாலும் அவள் கண் நின்று போகும்.

அடுத்த வருஷம் ஆலையை மூடினார்கள். செட்டில்மென்டாக ஆறு லட்சம் வந்தது. கோவில்பத்து வீட்டிலேயே உட்கார்ந்து, காரைக்கால் கடைக்காரர்கள் சிலருக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக்கொடுக்க ஆரம்பித்தாள். ஆறு லட்சத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது முருகானந்தம் யோசிக்கவே இல்லை.

“டெபாசிட்ல போடு. வேற என்ன?”

அவளுக்கு வேறு யோசனை இருந்தது. மேகவி பயோவின் ஆண்டுக் கணக்கைப் படித்து முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவனை உட்காரவைத்துச் சொன்னாள்.

“மேகவி பங்கு ஒண்ணு நானூறு ரூபா. போன வருஷம் ஒரு பங்குக்கு அவங்க சம்பாதிச்ச லாபம் நாப்பத்தெட்டு ரூபா. நாப்பத்தெட்ட நானூறால வகுத்தா பன்னெண்டு சதவீதம். இதுக்கு எர்னிங்ஸ் யீல்டுன்னு பேரு. நாம போடுற நூறு ரூபாய்க்குப் பின்னால கம்பெனி எவ்வளவு சம்பாதிக்குதுன்னு பாக்கறது.”

“அந்த நாப்பத்தெட்டும் நம்ம கைக்கு வருமா?”

“கைக்கு நாலஞ்சு ரூபாதான் வரும். மீதிய கம்பெனியிலயே போட்டுப் பெருக்குவாங்க. ஆனா அதுவும் நம்ம பங்குக்கு உள்ளதுதாங்க. பேங்க்ல ஏழு. இங்க பன்னெண்டு.”

“மத்த மருந்துக் கம்பெனிங்க?”

“இதே மாதிரி பயோடெக் கம்பெனிங்கள்ல மூணு, மூணரைதான் வருது. ஒண்ணு ரெண்டு நஷ்டத்துல ஓடுது. லாபமே இல்லாததால அதுங்களப் பத்தி இந்தக் கணக்குல ஒண்ணும் தெரியாது.”

முருகானந்தம் பல்குத்தியை வாயிலிருந்து எடுத்தான். “எல்லாம் மூணுன்னா இது மட்டும் எப்படி பன்னெண்டுக்குக் கிடைக்குது?”

“யாரும் சரியா கவனிக்கல. அவ்வளவுதான். இந்த ஊசிய ஆரம்பிச்சவங்க நிறுத்த முடியாதுங்க. நான் நிறுத்துவனா? என்னை மாதிரி எத்தனை பேரு இருப்பாங்க?”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. “உன் பணம். கணக்குப் படிச்சவ நீ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டெபாசிட்தான்” என்று எழுந்து வாய் கொப்பளிக்கப் போனான்.

நான்கு லட்சத்துக்கு ஆயிரம் பங்கு வாங்கினாள். மீதி இரண்டு லட்சம் அவன் சொன்னபடி பேங்குக்குப் போனது. பங்கு வாங்கிய அன்று அவளுக்கு லாபம் பற்றிய நினைப்பைவிட வேறொரு சந்தோஷம்தான் அதிகம். தன் கையைத் திருப்பிக் கொடுத்த கம்பெனியில் தனக்கும் ஒரு துளி சொந்தம் என்று இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பங்கு நானூற்று முப்பது வரை போனது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஒரே நாளில் விழுந்திருந்தால் பயந்திருப்பாள். தினமும் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று இறங்கியதால் பழகிவிட்டது. மழைக்காலம் தொடங்கியபோது முன்னூறு. பொங்கல் நெருங்கும்போது இருநூற்று நாற்பது. நான்கு லட்சத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் காணாமல் போயிருந்தது. அவள் தினமும் செய்தி தேடினாள். கம்பெனியில் ஊழல் இல்லை, தொழிற்சாலையில் தீ இல்லை, ஊசியில் குறை என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாகக் குழப்பியது.

இதற்கிடையில் முருகானந்தம் மாறியிருந்தான். அவள் சொன்ன கணக்கு அவன் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. மின்துறை ஆபீசில் கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் எர்னிங்ஸ் யீல்டை விளக்க ஆரம்பித்திருந்தான். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செல்போனை நீட்டினான்.

“ப்ரியா, இங்க பாரு. லாபம் அதே நாப்பத்தெட்டு. விலை இருநூத்தி நாப்பது. இப்ப எத்தனை சதவீதம் சொல்லு?”

“இருபது” என்றாள். கணக்கு சரிதான். ஆனால் சொல்லும்போது வாய் கசந்தது.

“இருபது! பன்னெண்டுக்கே நீ வாங்குன. இருபதுக்கு நாம சும்மா இருக்கலாமா? அம்பகரத்தூர்ல அண்ணங்கிட்டயும் சொல்லலாம்னு பாக்குறேன்.”

“அண்ணங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள் சட்டென்று. “கொஞ்சம் இருங்க. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“என்ன சரியாப் படல? நீ சொன்ன கணக்குதானே?”

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போலகம் பக்கம் லைன் வேலைக்குப் போனான்.

ஊசி வாங்க வேண்டிய நாள் அது. ஐஸ் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து டவுனுக்குப் போனாள். காஜா மைதீன் மெடிக்கல்ஸில்தான் எப்போதும் வாங்குவாள். இந்த ஊசியைக் கெடாமல் வைத்திருக்கத் தனியாக ஒரு ஃப்ரிட்ஜும், கரண்ட் போனால் ஓட இன்வர்ட்டரும் வைத்திருந்தார் அவர்.

கடையில் ஏற்கெனவே செல்லம் உட்கார்ந்திருந்தாள். காரைக்கால்மேட்டுக்காரி. மார்க்கெட்டில் மீன் வியாபாரம். தஞ்சாவூர் டாக்டரின் வரவேற்பறையில்தான் இருவருக்கும் பழக்கம். ஒரே வியாதி, ஒரே ஊசி. ஆனால் செல்லம் மாதத்துக்கு ஒன்றுதான் போட்டுக்கொள்வாள். டாக்டர் திட்டுவார். “ரெண்டு போட்டா வீட்டுல அடுப்பு எரியாது டாக்டர்” என்று பதில் சொல்லிவிட்டு வருவாள். மழைக்காலத்தில் மீன் கூடையைத் தூக்க முடியாமல் மகனைக் கூப்பிடுவாள்.

“வா தங்கச்சி” என்றாள் செல்லம். முகம் மலர்ந்திருந்தது. “பாய் என்ன சொல்றாரு கேளு.”

காஜா மைதீன் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பச்சை நிறப் பெட்டி. மேகவியின் நீலம் இல்லை.

“புதுசாம்மா. அதே மருந்துதான். வேற கம்பெனி. போன மாசம் ஒருத்தன் வந்தான், இந்த மாசம் இன்னொருத்தன் வந்துருக்கான். ஒரு ஊசி நாலாயிரத்து நூறு.”

“நாலாயிரமா?”

“இன்னும் எறங்கும் பாருங்க. மேகவி ரெப்பு நேத்து வந்துட்டுப் போனாரு. அவங்களும் அடுத்த மாசம் அஞ்சாயிரத்துக்குக் கீழ கொண்டாறாங்களாம். வேற வழி? டாக்டருங்க எல்லாம் இத எழுத ஆரம்பிச்சுட்டாங்க. ஒங்களுக்கு எத எடுக்கட்டும்? டாக்டரக் கேட்டுட்டு மாத்திக்கிறதுன்னா இன்னைக்கு நீலமே வாங்கிட்டுப் போங்க.”

“நான் கேட்டுட்டேன்” என்றாள் செல்லம். “போன்ல கேட்டேன். தாராளமா போட்டுக்கன்னாரு. இனிமே மாசம் ரெண்டும் போட்டுக்கலாம் தங்கச்சி. முன்ன ஒண்ணு வாங்குன காசுக்கு ரெண்டு வருது, மேல மீதியும் வருது. நீயும் மாத்திக்க.”

சிவப்ரியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மாதம் பத்தாயிரத்துக்குக் கிட்ட மிச்சம். கோவில்பத்து வீட்டில் அது சின்னப் பணம் இல்லை. செல்லத்தின் வீங்கிய விரல் முட்டிகளைப் பார்த்துக்கொண்டே, “நல்லதுக்கா” என்று சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் கண் மறுபடி பச்சைப் பெட்டிமேல் போனது.

அந்த ஒன்பதாயிரம்தான் நாற்பத்தெட்டு ரூபாய்.

இத்தனை நாளாக இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஊசியின் விலை ஒரு செலவு, மருந்துக் கடையில் கொடுப்பது. கம்பெனியின் லாபம் இன்னொன்று, ஆண்டறிக்கையில் இருப்பது. தான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்த பணமும், செல்லம் மாதம் ஒரு ஊசிக்குக் கொடுத்த பணமும்தான் அந்த லாபம் என்பது இப்போதுதான் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். எல்லோரும் கவனித்துத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்பெனிகள் வரப்போவது மருந்துத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால்தான் மற்றவை மூன்றுக்கு நின்றபோது இது பன்னிரண்டுக்குக் கிடைத்தது.

கடை வாசலுக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. கம்பத்தின்மேல் இருந்தால் எடுக்க மாட்டான். மறுபடியும் மூன்று தடவை செய்தாள். அப்புறம் நீலப் பெட்டி ஒன்றை வாங்கி ஐஸ் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் கோவில்பத்தில் நிற்கும்போது அவனே கூப்பிட்டான்.

“என்ன, நாலு மிஸ்டு கால்? கை வலியா?”

“மேகவி வாங்காதீங்க. வீட்டுக்கு வாங்க, சொல்றேன்.”

அவன் குரல் இறங்கியது.

“காலையிலயே வாங்கிட்டனே. நானூறு பங்கு. சுத்துச்சுவர் கட்ட எடுத்து வெச்ச பணத்துல.”

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் ஆண்டறிக்கையைத் திறந்தாள். முன்பு படித்ததுதான். ஆனால் அப்போது கடைசி எண்ணைத் தேடிக்கொண்டு வேகமாகப் போயிருந்தாள். இப்போது அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கீழிருந்து மேலே போனாள். நாற்பத்தெட்டில் பதினான்கு ரூபாய், ஒரு மருந்தை வெளிநாட்டில் விற்கும் உரிமையை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்ததற்காக வந்தது. ஒரே தடவை வரும் பணம். அடுத்த வருஷம் வராது. அது போனால் முப்பத்துநான்கு. அதில் இருபத்துநான்கு அவள் ஊசியிலிருந்து வந்தது. மற்ற மருந்துகள் எல்லாம் சேர்ந்து பத்து.

ஊசியின் விலை பாதியானால் அந்த இருபத்துநான்கு பன்னிரண்டாகாது. நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளைச் செய்ய நாற்பது ஆகிறது என்றால் லாபம் அறுபது. விலை ஐம்பதானால் செலவு அதே நாற்பதுதான். லாபம் பத்தாகிவிடும். கூடுதலாக நான்கு பேர் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டு, அவள் ஊசிக்கு ஆறு ரூபாய் போட்டாள். ஆறும் பத்தும் பதினாறு.

பதினாறை நானூறால் வகுத்தாள். நான்கு சதவீதம். அவள் வாங்கியது பன்னிரண்டுக்கு இல்லை. நான்குக்குத்தான் வாங்கியிருக்கிறாள். பதினாறை இருநூற்று நாற்பதால் வகுத்தால் ஆறே முக்கால்கூட முழுதாக வரவில்லை. கணவன் காலையில் இருபது என்று நீட்டியது இதைத்தான்.

முருகானந்தம் இருட்டுவதற்குள் வந்துவிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

“அப்ப நீ முதல்ல சொன்னது தப்பா?”

“வகுத்தது தப்பில்ல. மேல போட்ட லாபம்தான் தப்பு. அது போன வருஷத்து லாபம். விலைங்கறது வரப்போற லாபத்துக்கு. பங்கு விழ விழ அந்தப் பழைய நாப்பத்தெட்டு அப்படியே நிக்குது. அதனால சதவீதம் மட்டும் ஏறிக்கிட்டே போற மாதிரி தெரியுது.”

“நான் அன்னைக்கே கேட்டேன், இது மட்டும் ஏன் மலிவுன்னு.”

“கேட்டீங்க. நான் சரியா பதில் சொல்லல. நீங்களும் இன்னைக்குக் காலையில கேக்கல.”

அது அவனுக்குச் சுருக்கென்றது. “ஒன்ன நம்பித்தானே வாங்குனேன்” என்று குரலை உயர்த்தினான். “இருங்கன்னு சொன்னேனே” என்று அவளும் உயர்த்தினாள். பக்கத்து வீட்டு அன்னபூரணி மாடித் துணியை எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் தானே தோசை வார்த்துக்கொண்டான். அவளுக்கும் இரண்டு வார்த்து மூடி வைத்திருந்தான்.

மறுநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

“நாளைக்கே எல்லாத்தையும் விக்கணும்னு நான் சொல்லல. ஆறே முக்கால்ங்கறது மோசம் இல்ல. மூட்டு தேய்மானத்துக்குப் புதுசா ஒரு மருந்து சோதனையில இருக்கு. அதுக்காக வருஷா வருஷம் செலவு பண்றாங்க. அந்தச் செலவு லாபத்துல கழிஞ்சுடுது, ஆனா மருந்து இன்னும் வரல. மத்த கம்பெனிங்கள்ல மூணு சதவீதம்னு வந்துச்சே, அவங்கல்லாம் இப்படித்தான் பெருசா ஆராய்ச்சிக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. நான் அத வெறும் விலை அதிகம்னு நெனச்சுட்டேன்.”

“அந்தப் புது மருந்து வருமா?”

“தெரியாது. யாருக்கும் தெரியாது. பத்துல ஒண்ணு தேறும்கறாங்க. அதனால தேறாமப் போனாலும் நமக்கு முதுகு உடையாத அளவுதான் வெச்சுக்கணும். ஆயிரம் பங்கையும் வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.”

அவள் தன் ஆயிரத்தில் அறுநூற்றை விற்றாள். இருநூற்று முப்பத்தெட்டுக்குப் போனது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் நஷ்டம். அழவில்லை. வந்த பணத்தை டெபாசிட்டில் போட்டாள். முருகானந்தம் விற்கவில்லை. “வாங்கி ரெண்டு நாள்கூட ஆகல, விக்கிறதா?” என்றான். அது காரணமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் பணம். சுற்றுச்சுவர் அந்த வருஷம் எழும்பவில்லை.

தஞ்சாவூர் போனபோது டாக்டரிடம் அவளே கேட்டு, பச்சைப் பெட்டிக்கு மாறினாள். கேட்க வாய் வராமல் கொஞ்சம் தயங்கினாள். டாக்டருக்கு அந்தத் தயக்கம் புரியவில்லை. “ரெண்டும் ஒண்ணுதாம்மா, பயப்படாதீங்க” என்றார். மருந்தைப் பற்றிய பயம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நானூறு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் ஊசியை வேண்டாம் என்கிறாள். தான் ஒருத்தி மாறினால் பங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எல்லோரும் இப்படி ஒவ்வொருத்தராக மாறுவார்கள் என்றுதான் பங்கு விலை நாற்பது சதவீதம் இறங்கியிருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிச்சமாகும் பணத்தை நினைத்தாள். இழந்த ஒரு லட்சம் ஒரு வருஷத்துக்குள் ஊசியிலேயே திரும்பிவிடும். பங்குதாரராகத் தோற்ற இடத்தில் நோயாளியாக ஜெயித்திருக்கிறாள். செல்லத்துக்குத் தோற்க எதுவும் இல்லை, முழுதும் ஜெயம்தான். அதை நினைத்தபோது மனதில் எரிச்சல் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

கோடையில் மேகவியின் ஆண்டு முடிவு வெளியானது. கடைக்காரர் ஒருவரின் ஜிஎஸ்டி கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் அதைத் திறந்தாள். ஒரு பங்குக்கு லாபம் பதினேழு ரூபாய். அவள் போட்டது பதினாறு. விலை அன்று இருநூற்றுப் பத்தில் நின்றது. முந்தைய லாபத்தோடு ஒப்பிட்டு, மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்று செய்தியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவளுக்கு அதிர்ச்சி இல்லை. பதினேழை இருநூற்றுப் பத்தால் வகுத்தாள். எட்டு சதவீதம் வந்தது.

வேலை முடிந்து வந்த முருகானந்தம் செய்தியை ஏற்கெனவே பார்த்திருந்தான். கையைக் கழுவிவிட்டு நேராக அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“எட்டுன்னு வருது. இப்ப வாங்கலாமா, விக்கலாமா?”

“இந்தப் பதினேழு எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல பாக்கணும்” என்றாள்.

“சரி, பாரு. நானும் பாக்குறேன். எந்தப் பக்கம்?”

அவள் திரையை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள்.